வாசகர் கேள்வி பதில்: சம்பளம் இல்லாத ஆட்டம், நிரம்பி வழியும் மைதானம்

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அயர்லாந்தில் 82,000 பேர் உட்கார்ந்து பார்க்கும் ஒரு கால்பந்து இறுதிப் போட்டியில் ஆடுகிற ஒருவருக்கும் சம்பளம் கிடையாது என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் நம்பவில்லை, மீதிப் பேர் விவரம் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை முழுக்க அந்த ஆட்டம், அயர்லாந்தின் சொந்தக் கால்பந்தான கேலிக் (Gaelic) கால்பந்து மட்டும்தான்.

கேள்வி: டிவியில் ஒருமுறை கொஞ்ச நேரம் பார்த்தேன். கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், உதைக்கிறார்கள், தரையில் தட்டுகிறார்கள். இது கால்பந்தா, ரக்பியா, கூடைப்பந்தா?

மூன்றும் இல்லை. தனக்கென்று ஒரு கணக்கு உள்ள ஆட்டம் இது. ஒரு பக்கம் 15 பேர். மைதானம் 130 முதல் 145 மீட்டர் நீளம், அதாவது நமக்குத் தெரிந்த கால்பந்து மைதானத்தைவிட நல்ல பெரியது. பந்து உருண்டைதான், ஆனால் கொஞ்சம் கனம் கூடுதல். கோல் கம்பம் ஆங்கில எச் எழுத்து மாதிரி நிற்கும், அதன் கீழ்ப்பாதியில் வலை. குறுக்குக் கம்பிக்கு மேலே பந்து போனால் ஒரு பாயிண்ட், கீழே வலைக்குள் போனால் கோல், அது மூன்று பாயிண்டுக்குச் சமம். ஸ்கோரை 2-14 என்று எழுதியிருந்தால் இரண்டு கோல், பதினான்கு பாயிண்ட், மொத்தம் 20 என்று கூட்டிக்கொள்ள வேண்டும்.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் ஓடக் கூடாது. அதற்குள் ஒன்று தரையில் ஒருமுறை தட்டிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்தைக் கால் நுனியில் விட்டு மறுபடி கைக்கே வருகிற மாதிரி உதைத்துக்கொள்ள வேண்டும். இதற்குத்தான் சோலோ என்று பெயர். தொடர்ந்து இரண்டு முறை தரையில் தட்டவும் முடியாது. முழு வேகத்தில் ஓடுகிறவன், பக்கத்தில் ஒருவன் தோளால் இடித்துக்கொண்டே வர, பந்தைப் பார்க்காமல் கால் நுனிக்கு விட்டு இடுப்பு உயரத்தில் திரும்ப வாங்கி, அதே மூச்சில் நாற்பது மீட்டர் தள்ளிக் கம்பிக்கு மேலே அனுப்புகிறானே, அதை ஒரே ஒரு முறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், இது எவ்வளவு கஷ்டமான ஆட்டம் என்று தெரிந்துவிடும். ஆண்கள் ஆட்டத்தில் தரையில் கிடக்கிற பந்தைக் குனிந்து கையால் அள்ளவும் கூடாது, பாதத்தைக் கீழே கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். கையால் பாஸ் கொடுக்கலாம், ஆனால் எறியக் கூடாது, முஷ்டியாலோ உள்ளங்கையாலோ அடித்துத்தான் அனுப்ப வேண்டும்.

கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கிற அம்பயர்களையும் கவனியுங்கள். பாயிண்டுக்கு வெள்ளைக் கொடி, கோலுக்குப் பச்சைக் கொடி. மைதானத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அந்தக் கொடியைப் பார்த்தால் போதும்.

கேள்வி: இது பழங்கால ஆட்டமா, இல்லை பின்னால் உருவாக்கியதா?

இரண்டும்தான். அயர்லாந்தில் பந்து விளையாடியதற்குப் பழைய சான்றுகள் உண்டு. 1308-ல் டப்ளின் பகுதியில் நடந்த ஓர் ஆட்டத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர் தவறுதலாக ஓர் ஆட்டக்காரரைக் கத்தியால் குத்திவிட்டதாக வழக்கு பதிவாகியிருக்கிறது. 1527-ல் கால்வே நகரச் சட்டம் மட்டையால் அடிக்கும் ஆட்டத்தைத் தடை செய்துவிட்டு, பெரிய பந்து ஆட்டத்தை மட்டும் அனுமதித்தது. கெர்ரி பக்கம் கைட் என்ற முரட்டு ஆட்டம் இருந்தது, ஊருக்கும் ஊருக்கும் நடுவில் வயல் வெளி எல்லாம் தாண்டிப் போகும்.

ஆனால் இன்று நாம் பார்க்கிற ஆட்டம் அங்கிருந்து அப்படியே வந்துவிடவில்லை. 1884 நவம்பர் 1-ஆம் தேதி டிப்பரரி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) தர்லஸ் என்ற சிறு ஊரில், ஹேய்ஸ் ஹோட்டலில் சிலர் கூடி கேலிக் விளையாட்டுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். எல்லோரும் ஜி.ஏ.ஏ. என்றுதான் சொல்வார்கள். கிளேர் கவுண்டியில் பிறந்த மைக்கேல் கியூசாக் என்ற ஆசிரியர்தான் இதற்கு உயிர் கொடுத்தவர். முதல் தலைவர் மோரிஸ் டேவின், அந்தக் காலத்தில் பெயர் பெற்ற தடகள வீரர். கால்பந்துக்கு விதி எழுதியது அவர். 1885-ல் அந்த முதல் விதிகள் வந்தன.

ஏன் அப்போது? பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்து, அதைவிட அதிகம் பேர் கப்பலேறி நாற்பது வருடம்கூட ஆகவில்லை. ஐரிஷ் மொழி தேய்ந்துகொண்டிருந்தது, ஆட்டக்களத்தில் கிரிக்கெட்டும் ரக்பியும் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தன. விளையாட்டுச் சங்கங்களில் கூலி வேலை செய்கிறவனுக்கு இடமே இல்லை. நம் ஆட்டத்தை நாமே நடத்துவோம், உழைக்கிறவனும் ஆடலாம், ஞாயிற்றுக்கிழமை ஆடலாம் என்று ஒரு சங்கம் சொன்னதும் அது காட்டுத்தீ மாதிரி பரவியது. 1887-க்கான முதல் அகில அயர்லாந்துக் கோப்பையை லிமரிக் வென்றது. அப்போது ஒரு அணியில் 21 பேர். பிறகு 17 ஆகி, 1913-ல்தான் 15 ஆனது. முதலில் எதிரணி எத்தனை பாயிண்ட் எடுத்திருந்தாலும் ஒரு கோல் அதைவிடப் பெரிது என்று இருந்தது, அதை 1892-ல் ஐந்து பாயிண்ட் ஆக்கி, 1896-ல் மூன்றாகக் குறைத்தார்கள்.

கேள்வி: மைதானத்துக்குள் புகுந்து சுட்டார்கள் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

உண்மை. 1920 நவம்பர் 21, ஞாயிறு. சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அன்று காலையில்தான் ஐரிஷ் போராளித் தலைவர் மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் டப்ளினில் பிரிட்டிஷ் உளவாளிகள் பலரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். பிற்பகல், டப்ளினில் ஜி.ஏ.ஏ.வின் தலைமை மைதானமான குரோக் பார்க்கில் டப்ளினுக்கும் டிப்பரரிக்கும் ஆட்டம். பிரிட்டிஷ் படையினர் உள்ளே வந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். 14 பேர் இறந்தார்கள், அதில் சிறுவர்களும் உண்டு. களத்தில் இருந்த டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகனும் ஒருவர். இன்று குரோக் பார்க்கில் கோப்பையை வாங்குகிற பக்கத்துக்கு ஹோகன் ஸ்டாண்ட் என்றுதான் பெயர். அங்கே ஏறி நின்று கோப்பையைத் தூக்குகிற ஒவ்வொரு கேப்டனும் அந்தப் பெயருக்குக் கீழேதான் நிற்கிறார்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஜி.ஏ.ஏ.வின் பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள முடியாது. சங்கத்து ஆட்கள் சாதாரணக் கால்பந்து (சாக்கர்), ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி எதையும் ஆடக் கூடாது, பார்க்கப் போகவும் கூடாது என்று ஒரு தடை இருந்தது. 1938-ல் நாட்டின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட், ஒரு சர்வதேசக் கால்பந்துப் போட்டிக்குப் போனார் என்பதற்காக அவரைப் புரவலர் பொறுப்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஐரிஷ் மொழிக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த மனிதர் அவர்! அது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1971-ல் அந்தத் தடையை எடுத்தார்கள். ஆனாலும் குரோக் பார்க்கில் ரக்பிக்கும் சாக்கருக்கும் இடம் இல்லை என்று 2005 வரை நின்றார்கள்.

அப்புறம் நடந்ததுதான் பெரிய விஷயம். ரக்பி வழக்கமாக நடக்கும் லான்ஸ்டவுன் ரோடு மைதானத்தை இடித்துக் கட்டியதால் ரக்பிக்கு இடம் கொடுத்தார்கள். 2007 பிப்ரவரி 24-ஆம் தேதி இங்கிலாந்து அணி அதே குரோக் பார்க்கில் வந்து நின்றது, பிரிட்டிஷ் தேசிய கீதம் வாசித்தார்கள். எதிர்ப்புக் குரல் எழுமா என்று எல்லோருக்கும் படபடப்பு. மைதானம் மரியாதையாக நின்று கேட்டது. அயர்லாந்து 43-13 என்று ஜெயித்தது வேறு.

கேள்வி: சம்பளமே இல்லை என்றால் ஏன் ஆடுகிறார்கள்? உள்ளுக்குள் ஏதாவது கொடுப்பார்கள், அதைச் சொல்லுங்கள்.

நிறையப் பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள். பயணச் செலவு தருகிறார்கள். கவுண்டி வீரர்களுக்கு அரசு 2008-லிருந்து ஒரு சிறு உதவித்தொகை தருகிறது. பெரிய நட்சத்திரங்களுக்கு விளம்பர வாய்ப்பு வரும். ஆனால் ஆடுவதற்குச் சம்பளம், ஒப்பந்தம், ஏலம் எதுவும் கிடையாது. இன்றைய தலைமுறையின் பெரிய ஆட்டக்காரர் கெர்ரியின் டேவிட் கிளிஃபர்ட், அவர் பள்ளி ஆசிரியர். டப்ளினுக்காகக் கோப்பைகள் வென்ற ஜாக் மெக்காஃப்ரி டாக்டர். வேலை முடித்து, காரில் ஏறி, இரவில் பயிற்சி, மறுநாள் காலை மறுபடி வேலை. உடம்பைப் பேணுவதில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கொஞ்சமும் குறைந்தவர்கள் இல்லை.

ஏன் ஆடுகிறார்கள் என்பதற்கான பதில் கிளப் அமைப்பில் இருக்கிறது. ஜி.ஏ.ஏ. கிளப் என்பது பெரும்பாலும் ஒரு பாரிஷ், அதாவது ஒரு தேவாலயத்தைச் சுற்றியிருக்கிற ஊர்ப்பகுதி. நீங்கள் பிறந்த ஊர் எதுவோ அதுதான் உங்கள் அணி. அங்கே நன்றாக ஆடினால் உங்கள் கவுண்டிக்கு எடுப்பார்கள். வீடு மாறினால் சில நேரம் அணி மாறலாம், ஆனால் பணம் கொடுத்து யாரையும் வாங்க முடியாது. கெர்ரிக்கு ஒரு நல்ல கோல்கீப்பர் வேண்டுமென்றால் கெர்ரியில்தான் ஒருவர் பிறந்து வளர வேண்டும். அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் ஆடுகிறவன், இரண்டு நாள் கழித்து உங்கள் தெருக் கடையில் பால் வாங்க நிற்கிறான். அவனுக்கு ஐந்து வயதில் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது உங்கள் மாமாவாக இருக்கும். அந்த ஆட்டத்தில் தோற்றால் உங்கள் வீடே தோற்ற மாதிரிதான். இதைவிட உறுதியான ரசிகர் கூட்டத்தை எந்தப் பணத்தாலும் உண்டாக்க முடியாது என்று நான் திடமாக நம்புகிறேன். சம்பளம் கொடுக்க ஆரம்பித்தால் வீரர்களை வாங்கி விற்க ஆரம்பிப்பார்கள், அன்றைக்கு இந்தக் கட்டு அவிழ்ந்துவிடும்.

இறுதிப் போட்டி டிக்கெட்டும் அப்படித்தான். பெரும்பாலும் கவுண்டிக் குழுக்கள், கிளப்புகள் வழியாகத்தான் வரும். ஊர்க் கிளப்பில் யாரைத் தெரியும் என்று இரண்டு வாரம் அலைகிறவர்கள் ஏராளம்.

கேள்வி: சாம் மெக்வைர் கோப்பை என்கிறார்களே, யார் அவர்?

அகில அயர்லாந்துப் போட்டியில் ஜெயிக்கிற அணிக்குக் கொடுக்கிற கோப்பைக்கு அவர் பெயர்தான். கார்க் கவுண்டி டன்மேன்வேயில் பிறந்தவர். லண்டனில் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே அங்கிருந்த ஐரிஷ் அணியில் ஆடியவர், சுதந்திரப் போராட்டத்தின் ரகசிய வேலைகளிலும் இருந்தவர். பிறப்பால் புராட்டஸ்டன்ட். கோப்பையை முதலில் 1928-ல் கில்டேர் வாங்கியது.

கேள்வி: அயர்லாந்தில் சாதாரணக் கால்பந்தைவிட இதற்குத்தான் மவுசு அதிகமா?

மைதானத்துக்கு வருகிற கூட்டத்தை வைத்துச் சொன்னால், ஆமாம். உள்நாட்டுக் கால்பந்து லீக் இதன் பக்கத்தில் வராது. ஆனால் அதே ஆட்கள் சனிக்கிழமை இங்கிலாந்து பிரீமியர் லீக்கை டிவியில் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கவுண்டி மேட்ச்சுக்குக் கிளம்புவார்கள், இரண்டும் ஒரே வீட்டில் நடக்கிறது. 1961-ல் டவுன், ஆஃபாலி கவுண்டிகள் மோதிய இறுதிப் போட்டிக்கு 90,556 பேர் வந்தது இன்றுவரை சாதனை, இப்போது இருக்கை அமைப்பு மாறியதால் அதை உடைக்க வழியில்லை.

இன்னொன்று, இது எல்லையைப் பார்க்காத ஆட்டம். பிரிட்டன் ஆட்சியில் இருக்கிற வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளும் இதே போட்டியில்தான் ஆடுகின்றன. 1960-ல் டவுன் கோப்பையை எல்லை தாண்டி வடக்கே கொண்டுபோன முதல் அணி. டைரோன் நான்கு முறை வென்றிருக்கிறது, அர்மா 2024-ல் கால்வேயை ஒரே பாயிண்டில் தோற்கடித்து இரண்டாவது முறை வென்றது. ரசிகர்களைப் பிரித்து உட்கார வைக்கும் வழக்கமும் இல்லை. எதிரணிச் சட்டை போட்டவர் பக்கத்து இருக்கையிலேயே இருப்பார்.

கேள்வி: மேயோ அணிக்குச் சாபம் என்கிறார்கள். நீங்கள் நம்புகிறீர்களா?

சாபத்தை நம்பவில்லை. மேயோ கடைசியாக ஜெயித்தது 1951-ல். வெற்றியோடு திரும்பும்போது ஃபாக்ஸ்ஃபோர்டு ஊரில் ஒரு சவ ஊர்வலத்துக்கு நின்று மரியாதை செய்யாமல் போனார்கள், பாதிரியார் சபித்துவிட்டார் என்பது கதை. 1989 தொடங்கி 2021 வரை பதினொரு இறுதிப் போட்டிகளில் தோற்றிருக்கிறார்கள். 2016-ல் டப்ளினோடு டிரா ஆகி, மறு ஆட்டத்தில் ஒரு பாயிண்டில் தோல்வி. 2017-லும் அதே டப்ளினிடம் ஒரு பாயிண்ட். அந்த டப்ளின் அணி எல்லாக் காலத்திலும் சிறந்த அணிகளில் ஒன்று, அதன் எதிரில் போய் நின்றதுதான் மேயோவின் துரதிர்ஷ்டம். அதற்குப் பிறகும் அந்தப் பச்சை சிவப்புக் கூட்டம் அப்படியே வந்துகொண்டிருக்கிறது. நான் மதிக்கிற ரசிகர்கள் அவர்கள்தான்.

கேள்வி: கெர்ரியும் டப்ளினும்தானே எப்போதும் ஜெயிக்கின்றன? பிறந்த ஊருக்கே ஆட வேண்டும் என்றால் சின்ன கவுண்டி எப்படிப் பிழைக்கும்?

நியாயமான கேள்வி. 2025 வரை கெர்ரி 39 முறை, டப்ளின் 31 முறை அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றிருக்கின்றன. டப்ளினில் 14 லட்சத்துக்கு மேல் மக்கள், லெய்ட்ரிமில் சுமார் 35,000. லெய்ட்ரிம் கானாக்ட் மாகாணக் கோப்பையையே 1927, 1994 என்று இரண்டு முறைதான் பார்த்திருக்கிறது, அகில அயர்லாந்துக் கோப்பை ஒருமுறைகூட இல்லை. டப்ளின் 2015 முதல் 2020 வரை ஆறு வருடம் தொடர்ந்து வென்றபோது, தலைநகரின் பயிற்சிக்கு மட்டும் ஜி.ஏ.ஏ. பணத்தைக் கொட்டியதாகப் பெரிய சண்டை நடந்தது. அந்தப் புகாரில் நியாயம் இருந்தது. வீரரை வாங்க முடியாத ஆட்டத்தில் பயிற்சிக்கான பணத்தையாவது சமமாகப் பங்கிட வேண்டாமா?

ஆனால் கெர்ரிக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. அங்கே ஜனத்தொகை பெரிதில்லை, ஆட்டம்தான் ஊரின் மூச்சு.

கேள்வி: ஆட்டமே மாறிவிட்டது, விதிகளைத் தலைகீழாக்கிவிட்டார்கள் என்று என் மகன் டப்ளினிலிருந்து சொல்கிறான். என்ன ஆச்சு?

பதினைந்து பேரும் தங்கள் கோல் முன்னால் போய் நின்றுகொள்வது, எதிரணி கையால் பக்கவாட்டில் பாஸ் போட்டுக்கொண்டே இருப்பது என்று ஆட்டம் ஒரு கட்டத்தில் சலித்துப்போனது. 2011 அரையிறுதியில் டப்ளின் டோனகலை 0-8, 0-6 என்று தோற்கடித்தது, அவ்வளவுதான் மொத்த ஸ்கோர். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கொதித்துவிட்டார்கள்.

டப்ளினின் முன்னாள் மேனேஜர் ஜிம் கேவின் தலைமையில் ஒரு குழு போட்டு, 2025 சீசனில் புது விதிகளைக் கொண்டுவந்தார்கள். கோலில் இருந்து 40 மீட்டர் வளைவுக்கு வெளியே இருந்து உதைத்து மேலே அனுப்பினால் இரண்டு பாயிண்ட், அதற்கு ஆரஞ்சுக் கொடி. எப்போதும் மூன்று பேராவது எதிரணிப் பாதியில் நிற்க வேண்டும், அதனால் எல்லோரும் பின்னால் குவிய முடியாது. ஃபவுல் ஆனவர் விசிலுக்குப் பிறகு நிற்காமல் சோலோ போட்டுத் தொடரலாம். பலன் உடனே தெரிந்தது. அந்த வருட இறுதியில் கெர்ரி 1-26, டோனகல் 0-19. உங்கள் மகனிடம் சொல்லுங்கள், ஆட்டத்தை மாற்றவில்லை, மீட்டிருக்கிறார்கள்.

கேள்வி: ஆஸ்திரேலியக் கால்பந்து இதிலிருந்து வந்ததுதானே?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. மெல்போர்னில் 1859-லேயே விதி எழுதிவிட்டார்கள், அயர்லாந்தில் 1885-ல்தான். ஆனால் இரண்டும் ஒத்துப்போவதால் 1984-லிருந்து கலப்பு விதிகளில் இரு நாடுகளும் அவ்வப்போது மோதியிருக்கின்றன. ஆஸ்திரேலியக் கிளப்புகள் ஐரிஷ் இளைஞர்களைச் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்வது ஊர்க் கிளப்புகளுக்குப் பெரிய வலி. டப்ளினிலிருந்து போன ஜிம் ஸ்டைன்ஸ் 1991-ல் அங்கே சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கமே வாங்கினார். கெர்ரியின் டைக் கென்னலி 2005-ல் சிட்னியோடு அங்கே கோப்பை வென்று, சம்பளத்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்து 2009-ல் கெர்ரியோடு வென்றார். "என் அப்பா ஆடிய சட்டையை நானும் போட வேண்டும்" என்ற அவருடைய எண்ணம் அவ்வளவு பலமானது. அப்பா, மகன் இருவருமே அகில அயர்லாந்துக் கோப்பை வென்றவர்கள்.

கேள்வி: பெண்கள் ஆடுகிறார்களா?

ஆடுகிறார்கள், அதுவும் வேகமாக வளர்கிறது. 1974-ல் அதே தர்லஸ் ஊரில் பெண்களுக்கான சங்கம் தொடங்கியது. கெர்ரிப் பெண்கள் 1982 முதல் 1990 வரை ஒன்பது வருடம் தொடர்ந்து வென்றார்கள். 2019 இறுதிப் போட்டிக்கு 56,114 பேர் வந்தார்கள். மைதானம் கேட்டால் ஆண்களுக்குப் பிறகுதான் என்ற நிலை பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. ஜி.ஏ.ஏ., இந்தப் பெண்கள் சங்கம், பெண்களின் மட்டை ஆட்டமான கமோகிக்கான சங்கம் ஆகிய மூன்றையும் ஒன்றாக்கும் வேலை நடக்கிறது, சீக்கிரம் நடக்கட்டும்.

கேள்வி: குடியேறி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த "ஊர்க்காரன்" வட்டத்தில் இடம் உண்டா?

உண்டு. 1995-ல் டப்ளின் வென்றபோது நாடே கொண்டாடிய பையன் ஜேசன் ஷெர்லாக், அவருடைய அப்பா ஹாங்காங்கிலிருந்து வந்தவர். லைபீரியாவில் பிறந்த போய்டு சேயே வெஸ்ட்மீத் அணியில் ஆடினார். இனச் சொல்லால் புண்பட்டவர்களும் உண்டு, ஷெர்லாக்கே அதை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஆனால் ஒரு பிள்ளை அங்கே ஊரோடு ஒட்டிக்கொள்ள ஜி.ஏ.ஏ. கிளப்பைவிடக் குறுக்கு வழி இல்லை. அங்கே வசிக்கிற நம் வாசகர்களுக்குச் சொல்கிறேன், ஏழு வயதுப் பிள்ளையை சனிக்கிழமை காலைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விடுங்கள். மேற்குப் பக்கம் இளைஞர்கள் வேலைக்காக டப்ளினுக்கும் சிட்னிக்கும் போய்விட, 15 பேர் சேராமல் பக்கத்து ஊரோடு அணியைச் சேர்த்துக்கொள்கிற கிளப்புகள் பல. அங்கே உங்கள் பிள்ளையை இரண்டு கை நீட்டி வாங்கிக்கொள்வார்கள்.

கேள்வி: முதல்முறை பார்ப்பவர் எந்த மேட்ச்சில் தொடங்கலாம்?

1982 இறுதிப் போட்டி, கடைசிப் பத்து நிமிடம். கெர்ரி நான்கு வருடம் தொடர்ந்து வென்று, அதுவரை யாரும் தொடாத ஐந்தாவதுக்கு நின்றது. இரண்டு நிமிடம் பாக்கி, கெர்ரி இரண்டு பாயிண்ட் முன்னிலை. ஆஃபாலியின் மாற்று ஆட்டக்காரர் ஷேமஸ் டார்பி உள்ளே வந்திருக்கிறார். உயரமாக ஒரு பந்து வருகிறது, டார்பி பிடிக்கிறார், திரும்புகிறார், வலைக்குள். முடிவு ஆஃபாலி 1-15, கெர்ரி 0-17. பிடிப்பதற்கு முன் டார்பி டிஃபென்டரை முதுகில் தள்ளினாரா இல்லையா என்று கெர்ரியில் இன்றும் பேசுகிறார்கள். நீங்களும் பார்த்துவிட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.